வாரம் ஓர் இராத்தல்

நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வைகறையில் விரைந்து நடப்போருள் இளைஞரும் பலர். பத்தே நாளில் மெலிந்துவிட வேண்டும் என்னும் பதைப்பு அவருட் சிலர்க்கு உண்டு. அன்னார்க்கு இலண்டன் மாநகரத்து வில்லியம் பாண்டிங்கை அறிமுகஞ் செய்விக்க விரும்புகின்றேன்.

அரச குடும்பத்தாரின் ஈமக் கடன்களுக்கு ஏற்பாடு செய்துவந்த தொழிலதிபர் அவர். 1862இல், அறுபத்தைந்தாம் வயதில், அவர் எடை 202 இராத்தல், அதாவது பவுண்டு. ஏறத்தாழ 92 கிலோ. உயரமோ ஐந்தடி ஐந்தங்குலம். குனிந்து காலணி வாரைக் கட்ட இயலாது. மாடிப்படியிற் பின்புறமாகவே இறங்குவார். படகு வலித்தார், பசி மிகுந்ததே கண்ட பலன். பன்முறை துருக்கியக் குளியல் செய்தார்; குறைந்தது ஆறே இராத்தல்!

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், காது மந்தத்திற்காக நாடிய மருத்துவர் வில்லியம் ஹார்வி (குருதியோட்டங் கண்டவர் வேறொருவர்) ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கச் சொன்னார். அம்முறையின் குறைநிறைகளை அறிஞர் வாதிட்டுக் கொள்ளட்டும். எனக்கு அருமையாகத் தோன்றுவது பாண்டிங்கின் நிறுவைப் பட்டியலே. மூன்று வாரத்துக்கொரு முறை குறித்தார். இரண்டு, மூன்று, நான்கு இராத்தல் என்றே குறைந்தது. ஓராண்டு சென்றபின் 156. வாரத்துக்கு ஓர் இராத்தலினுஞ் சற்றே குறைவு!

இன்றைய மருத்துவரும் பெரியோர்க்கு வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ என்றே அளவு கூறுகின்றனர். தொடக்கத்தில் விரைந்து குறைவதிற் பெரும்பகுதி நீரே. வளரும் பருவத்தினரோ மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தலாகாது.

தம் பட்டறிவைச் சிறுநூலாக 1863இல் அச்சிட்டு விலையின்றி வழங்கினார் பாண்டிங். சுவீடன் மொழியில் உடல் மெலிய முயல்வதற்கு இன்றும் அவர் பெயரே வினைச்சொல்லாக வழங்குகின்றது. எண்பத்தொரு வயதுவரை வாழ்ந்து, 1878இல் அவர் மறைந்தார்.