படத்துல அவன்ல நிக்கான்

எங்கள் நாகலாபுரத்துக் கரிசலில் பருத்தி எடுக்கப் போன பெண்ணுக்கு நேர்ந்ததை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை. செய்தவன் பெயர் மறைந்தது. கெட்ட பெயர் மட்டும் நம்ம பொம்பளைக்கு.

எங்க தெருவில் பெரியம்மா ஒருத்தி. என்றைக்கோ நடந்ததைப் பற்றி வாயே திறந்ததில்லை. நான் நடத்திய இரவுப் பள்ளிக்கு வந்தவள், எழுத்து ஓடாமல் சிலேட்டில் படம் போட்டாள். பருத்திச் செடி, கிணறு, வரப்பில் மீசையோடு ஒருத்தன். ‘நீ எங்க பெரியம்மா?’ என்றேன். ‘வாயால சொன்னா நான்ல நடுவுல நிக்கேன். ஊரே என்னயப் பாக்கும். படத்துல அவன்ல நிக்கான், தாயி’ என்றாள்.

அந்தப் பேச்சு எனக்கு விளங்கியது, கொரியப் பெண்களின் வரலாற்றைப் படித்த பிறகுதான். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ஜப்பான் ராணுவம், தன் காலனியான கொரியாவின் ஏழைச் சிறுமிகளை வேலை தருவதாக ஏமாற்றியும் இழுத்துக்கொண்டு போயும் சிப்பாய்களுக்கு இரையாக்கியது. ‘ஆறுதல் பெண்கள்’ என்று பெயரும் வைத்தது. யாருக்கு ஆறுதல்?

போர் முடிந்து 46 ஆண்டுகள். 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சுன் முகத்தை மறைக்காமல் ஊரறியப் பேசினார். அடுத்த ஆண்டு இப்பெண்களுக்காகச் சியோலில் ‘பகிர்வு இல்லம்’ தொடங்கப்பட்டது. 1993 முதல் லீ கியோங்-ஷின் என்ற இளம் ஓவியர் அவர்களுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். பட்ட கொடுமை பலருக்குச் சொல்லாக வருவதில்லை. துண்டு துண்டான காட்சியாகத்தான் வருகிறது. அந்தக் காட்சியைக் கை வெளியே எடுத்து வைத்தது.

காங் டுக்-கியுங் வரைந்த 1995ஆம் ஆண்டுப் படத்தில், பூத்த செர்ரி மரமே ஒரு ஜப்பானியச் சிப்பாய். கீழே முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு சிறுமி. வேரடியில் மண்டையோடுகள். அவர் வரைந்த இன்னொரு படத்தின் தலைப்பே, ‘பொறுப்பானவர்களைத் தண்டியுங்கள்’. தண்டனையைக் காணாமலே 1997இல் இறந்தார்.

ஓவியம் மனப்புண்ணை ஆற்றும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் காங் கேட்டது ஆறுதலை மட்டுமல்ல, நீதியை. நம் வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாக வந்த அரசு ஊழியர்கள், 18 மலைவாழ் பெண்களை வல்லுறவு செய்தார்கள். தீர்ப்பு வர 2011 செப்டம்பர் 29 ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்றது தருமபுரி நீதிமன்றம். 2023இல் உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்தப் 19 ஆண்டும் அந்தப் பெண்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டத்துக்கு வாய்ச்சொல் வேண்டும். அதற்குப் படம் ஈடாகாது. ஆனால் குறுக்குக் கேள்வி இல்லாமல், தலைகுனியாமல் ஒருத்தி சாட்சி சொல்லும் இடம் அது. அங்கே பார்க்கப்படுகிறவன் அவன்.

பெரியம்மா அன்றைக்குச் சிலேட்டை அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். மறுநாள் நான் அவளுக்குக் காகிதம் வாங்கி வைத்தேன்.