அடிபட்ட நாய்க்கு நிதி கேட்கும் பதிவு: உண்மையா எனச் சரிபார்ப்பது எப்படி?

அடிபட்ட நாயின் படத்துடன் நிதி கேட்கும் பதிவுகள் முகநூலிலும் புலனத்திலும் அடிக்கடி வருகின்றன. மலேசியாவில் இவற்றைச் சரிபார்க்க, முதலில் கேட்க வேண்டியது கிளினிக்கின் பெயர். பதிவில் கொடுத்த எண்ணை நம்பாமல், கிளினிக்கின் எண்ணைத் தனியாகத் தேடி அழைத்து, நாய் அங்கே இருக்கிறதா, பாக்கி எவ்வளவு, பணத்தை நேரே கிளினிக் கணக்கில் செலுத்தலாமா என்று விசாரிக்கலாம். மீட்டவரின் அனுமதியின்றிச் சில கிளினிக்குகள் விவரம் தர மறுக்கலாம். அதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்டக்கூடாது. மீட்டவரையே பேசி அனுமதி தரச் சொல்லலாம். அதற்கும் சாக்குச் சொன்னால்தான் சந்தேகம்.

படத்தைக் கூகல் லென்ஸில் தேடினால், வேறு நாட்டுப் பழைய படமா என்பது பல வேளைகளில் தெரிந்துவிடும்.

வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அங்கே புகார் இல்லை என்பது நற்சான்று ஆகாது; கணக்கு புதியதாக இருக்கலாம். சங்கம் என்றால் சங்கப் பதிவிலாகாவில் பதிவு இருக்க வேண்டும். தனியாளாக நாய்களை மீட்பவர்கள் பலருக்குப் பதிவு கிடையாது. அவர்களுக்குக் கிளினிக் ரசீதுதான் சாட்சி.

பணம் அனுப்பிய பின் ஏமாந்தது தெரிந்தால், தாமதிக்காமல் வங்கியையும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் அழைக்க வேண்டும்.