கான்சாகிப் கொடுக்காத கணக்கு

மருதநாயகம் என்றால் நமக்கு 1997-இல் பூஜை போட்டு நின்றுபோன சினிமாதான் ஞாபகம் வரும். கொஞ்சம் படித்தவர்களுக்கு பீரங்கி, குதிரை, தூக்குக்கயிறு. எனக்கு அவர் கதையில் பிடித்தது வேறு. அது ஒரு பில் தகராறு.

1759-இல் யூசுப்கான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுக்கிறார். வருஷத்துக்கு 5 லட்ச ரூபாய். வரி வசூலிப்பதும் அவர், அதற்குத் தேவையான பட்டாளத்தை வைத்திருப்பதும் அவர். அடங்காத பாளையக்காரர்களோடு சண்டை போட்ட செலவு போக கட்டுவதற்கு மிச்சமில்லை என்பது அவர் வாதம். பாக்கி பாக்கிதான் என்பது நவாப் முகமது அலியின் வாதம். இரண்டில் எது நிஜம் என்று பேரேட்டைப் பிரித்துப் பார்க்க, இரண்டு பேருக்கும் வேண்டாத மூன்றாவது ஆள் யாருமில்லை. கும்பினி இருந்ததே என்பீர்கள். நவாப் கும்பினிக்கே கடன்காரர். வசூல் குறைந்தால் கும்பினிக்குத்தான் நட்டம். கடன் கொடுத்தவனே ஆடிட்டராக உட்கார்ந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்?

கடைசியில் கணக்கைப் பீரங்கி பார்த்தது. 1763-இல் முதல் முற்றுகை, மழையில் பின்வாங்கல். மறுவருஷம் இன்னொன்று. உள்ளிருந்தவர்களே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் சமாதி இருக்கிறது.

நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. எனக்கு உறுத்துவது, பாக்கியை வசூலிக்கப் போன படையின் செலவு எங்கே போனது என்பதுதான். கும்பினிப் பட்டாளம் நவாபுக்காகச் செய்த யுத்தச் செலவெல்லாம் நவாப் தலையில். அதைக் கட்ட அவர் கடன் வாங்கியது யாரிடம்? அதே கும்பினியின் உத்தியோகஸ்தர்களிடம், தனிப்பட்ட முறையில், நூற்றுக்கு இருபதும் அதற்கு மேலும் வட்டிக்கு. ஈடாக ஊர்களின் வரி வருவாய். ஆக, கடைசியில் கட்டியவன் ஏர் பிடித்தவன்.

1777-இல் நடந்தது இன்னும் அழகு. சம்பளம் கிடைக்காத நவாபின் குதிரைப்படையைக் கணக்குத் தீர்த்து அனுப்ப 1,60,000 பவுண்டு கடன். கொடுத்தவர்கள் டெய்லர், மெஜண்டி, கால் என்ற மூவர். இவர்கள் கையில் அந்தப் பணமே இல்லை, எழுதி வாங்கிய ஊர்களின் வருவாயிலிருந்தே படைக்குப் பணம் போனது என்று எட்மண்ட் பர்க் பின்னால் பிட்டுப் பிட்டு வைத்தார். சிப்பாய் சம்பளத்துக்குக் காத்துக்கிடந்தான். வட்டி மட்டும் தவறாமல் ஓடியது.

இதைத் தணிக்கை செய்யச் சட்டமே வந்தது. 1784-இன் இந்தியச் சட்டம் இந்தக் கடன்களின் பூர்வீகத்தை விசாரிக்கக் கும்பினி இயக்குநர்களுக்குக் கட்டளையிட்டது. அவர்களும் விசாரிக்கத் தயார். மேலே இருந்த கட்டுப்பாட்டு வாரியம், டண்டாஸின் செல்வாக்கில், விசாரணை வேண்டாம், கடனை ஒப்புக்கொண்டு கட்டுங்கள் என்றது. 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் நாடாளுமன்றத்தில் மணிக்கணக்கில் முழங்கினார். தீர்மானம் தோற்றது.

பில்லைப் பார்க்காமல் பணம் கொடுப்பார்கள் என்று தெரிந்தால் அடுத்த பில் எப்படி வரும்? எங்கள் ஆபீஸில் கேப் பில்லிலேயே பார்த்திருக்கிறேன். நவாபு மேல் புதிய கடன் பத்திரங்கள் குவிந்தன. 1801-இல் கர்நாடகத்தைக் கும்பினி எடுத்துக்கொண்ட பிறகு, 1805-இல்தான் ஒழுங்கான விசாரணைக் குழு உட்கார்ந்தது. வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். செல்லும் என்று அவர்கள் ஒத்துக்கொண்டது 27 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பார்த்து முடித்தபோது 1830 ஆகியிருந்தது. கான்சாகிப் செத்து அறுபத்தாறு வருஷம்.