எந்த ஆபீஸ்ல சேர்றது? - கறுப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் வரலாறு

நம்ம சத்தி பக்கம் இப்பெல்லாம் ரெண்டு வீதிக்கு ஒரு சட்டக் கல்லூரி மாணவர் இருக்காங்க. கோயமுத்தூர், சேலம், சென்னைன்னு போய்ப் படிக்கறாங்க. கடைசி வருஷம் வந்ததும் எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதானுங்க. "எந்த ஆபீஸ்ல சேர்றது? பெரிய கம்பெனிக்கு அப்ளிகேஷன் போடறதா, இல்ல கோபியிலயோ ஈரோட்டுலயோ ஒரு சீனியரைப் பிடிக்கறதா?"

கேள்வி புதுசு மாதிரி தெரியும். ஆனா இதுக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசாச்சு. கொஞ்சம் நோண்டிப் பார்த்ததுல சிக்கினதை இங்க எழுதி வைக்கறேன்.

வெள்ளைக்காரன் காலத்துல வக்கீல் தொழில் ஒரே தொழில் இல்லை. சீமைக்குப் போய்ப் படிச்ச பாரிஸ்டர், கட்சிக்காரரைப் பார்த்துப் பத்திரம் தயார் பண்ற அட்டர்னி, ஹைகோர்ட் வக்கீல், ஜில்லா கோர்ட் முன்சீப் கோர்ட்டோட நின்னுக்கற பிளீடர்னு படிக்கட்டு படிக்கட்டா இருந்தது. கூட்டாச் சேர்ந்து கம்பெனி மாதிரி நடத்தினது அட்டர்னிகள்தான். பம்பாயில கிராஃபோர்ட் பெய்லி 1830ல ஆரம்பிச்சது, சென்னையில கிங் அண்ட் பார்ட்ரிட்ஜ் 1908ல. மத்தபடி நம்ம வக்கீல்களுக்கு 'ஆபீஸ்'னா ஒரு பெரிய வக்கீலோட வீட்டு முன்பக்கம். ரெண்டு பீரோ சட்டப் புஸ்தகம், ஒரு குமாஸ்தா, ஓரமா உக்காந்து கட்டைப் புரட்டற ஜூனியர்கள். அம்புட்டுத்தான்.

அதுல எந்த வீட்டு முன்பக்கம்ங்கறதுதான் தலையெழுத்தை எழுதினது. மைலாப்பூர்ல வி. கிருஷ்ணசாமி ஐயர் கிட்ட தொழில் பழகினவர் சி.பி. ராமசாமி ஐயர். 1906ல அர்பத்நாட் பேங்க் திவாலாகி ஊரே அழுதப்போ அந்த விவகாரத்துல முன்னாடி நின்னு, அடுத்த வருஷமே இந்தியன் பேங்க் ஆரம்பிக்கக் காரணமா இருந்த அதே கிருஷ்ணசாமி ஐயர்தான். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் சேர்ந்தது பி.ஆர். சுந்தரமய்யர் கிட்ட. சி.பி.யோட அப்பா சட்டத் துறையில இருந்தவர், அல்லாடியோட அப்பா நெல்லூர்ப் பக்கம் ஏழைக் கோயில் அர்ச்சகர். அதனால காசு இருந்தாத்தான் கதவு திறக்கும்னு சொல்லிட முடியாது. ஆனா அந்தத் தெருவுக்குள்ள வந்து போற பழக்கமும், கேட்டா "நம்ம பையன்தான்"னு சொல்ல ஒரு ஆளும் வேணும். கொங்கு நாட்டுல காடு உழற வீட்டுப் பையனுக்கு அந்த ஆள் எங்க கிடைப்பார்? பொண்ணுங்க நிலைமை இன்னும் மோசம். 1923ல சட்டம் வந்து தடையை நீக்கற வரைக்கும் அவங்களுக்குக் கோர்ட்டு வாசலே மூடித்தான் கிடந்தது.

மைலாப்பூர் வேண்டாம்னு போனவங்களும் உண்டு. ராஜாஜி சென்னையில சட்டம் படிச்சிட்டு 1900ல சேலத்துல போர்டு மாட்டினார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் 1936ல கோயமுத்தூர்ல தொழில் ஆரம்பிச்சார். சொந்த ஜில்லாவுல கட்சிக்காரங்களுக்கு நம்ம முகம் தெரியும், அவங்க பேச்சு நமக்குப் புரியும். நல்ல கணக்குதான்.

வ.உ.சி. கதை வேற மாதிரி. 1894ல பிளீடர் பரீட்சை எழுதி ஒட்டப்பிடாரத்துல ஆரம்பிச்சு, 1900ல தூத்துக்குடிக்குப் போனவர். 1908ல தண்டனை ஆனதும் வக்கீல் சன்னதும் போச்சு. நம்ம கோயமுத்தூர் ஜெயில்லதான் செக்கிழுத்தார். வெளியில வந்தும் பல வருஷம் தொழில் செய்ய முடியலை. அப்புறம் வாலஸ்னு ஒரு வெள்ளைக்கார நீதிபதி உதவியில சன்னது திரும்பக் கிடைச்சது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வெச்சார். ஒரு சன்னதுக்கு ஒரு குடும்பம் எத்தனை நன்றி வெச்சிருந்தா அப்படிப் பேர் வெப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, சுதந்திர இந்தியாவுக்கு வருவோம். 1961 வக்கீல்கள் சட்டம் பழைய படிக்கட்டையெல்லாம் இடிச்சு எல்லாரும் 'அட்வகேட்'னு ஆக்கிடுச்சு. பயிற்சியும் அதுக்கப்புறம் ஒரு பரீட்சையும் வேணும்னு அதுல ஒரு பிரிவு இருந்தது, 1973 திருத்தத்துல அதை எடுத்துட்டாங்க. பார் கவுன்சில் 1995ல ஒரு வருஷக் கட்டாயப் பயிற்சின்னு விதி போட்டுப் பார்த்தது. 1999ல வி. சுதீர் வழக்குல, உங்களுக்கு அந்த அதிகாரமே இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. ஆக, சட்டப்படி எந்த சீனியர் கிட்டயும் சேராமலே நாளைக்கே தனியா வாதாடலாம். நிஜத்துல யாரும் அப்படிப் பண்றதில்லை. வக்காலத்து எப்படித் தாக்கல் பண்றது, எந்த பெஞ்ச் கிளார்க்குகிட்ட என்ன கேக்கணும்ங்கறதெல்லாம் புஸ்தகத்துலயா இருக்கு?

இதுல ஒரு முடிச்சு இருக்குங்க. நம்ம நாட்டுல வக்கீல்கள் விளம்பரம் பண்ணக் கூடாது, பார் கவுன்சில் விதி. 2008லதான் பேரு, விலாசம், படிப்பு மாதிரி சில விவரங்களை மட்டும் இணையத்துல போட்டுக்க விட்டாங்க. விதியோட நோக்கம் நல்லதுதான். ஆனா எந்த ஆபீஸ்ல என்ன கேஸ் நடக்குது, ஜூனியருக்குச் சம்பளம் தர்றாங்களா, பேச விடறாங்களான்னு தெரிஞ்சுக்க ஒரே வழி, வாய்வழிதான். மாமா வக்கீலா இருந்தா சாப்பிடறப்பவே தெரிஞ்சுடும். தாளவாடியில இருந்து வர்ற முதல் தலைமுறைப் பிள்ளை யாரைக் கேக்கும்?

அடுத்தது காசு. ஜூனியருக்குப் பஸ் செலவுக்குக் கொடுத்தாப் போதும்னு ரொம்ப காலமா ஒரு பழக்கம். "நாங்களும் அப்படித்தான் வந்தோம்"னு பெருமையா வேற சொல்வாங்க. எனக்கு இந்தப் பெருமை பிடிபட்டதே இல்லை. சென்னையில மேன்ஷன் வாடகையை அந்தப் பெருமையா கட்டும்? வீட்டுல நாலு வருஷம் பணம் அனுப்ப முடிஞ்சவங்களுக்குத்தான் 'எந்த ஆபீஸ்'ங்கற கேள்வியே. மத்தவங்க எது கிடைக்குதோ அதுல உக்காருவாங்க, இல்ல தொழிலை விட்டுட்டு வேற வேலைக்குப் போயிடுவாங்க.

2020ல தமிழக அரசு ஏழைக் குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு மாசம் 3,000 ரூபாய், 2 வருஷத்துக்குன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தது. 2024 ஜூன்ல சென்னை ஹைகோர்ட்ல நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு இன்னும் பெருசா ஒண்ணு சொன்னாங்க: ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோயமுத்தூர்ல குறைஞ்சது 20,000, மத்த ஊர்கள்ல 15,000 தரணும், அதுக்கு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பணும். சத்திக்கு 15,000ங்க :) எத்தனை ஆபீஸ்ல இதைத் தருவாங்கன்னு கேட்டுட்டுத்தான் சேரணும். கேக்கறதுக்குக் கூச்சப்பட வேண்டாம், கோர்ட்டே சொல்லியிருக்கு.

2025 மே 20ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் சேர்த்துடுச்சு. சிவில் ஜட்ஜ் பரீட்சை எழுத 3 வருஷம் தொழில் பண்ணியிருக்கணும். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க பாதிப் பேருக்குக் கனவே அந்தப் பரீட்சைதான். தொழில் பண்ணினதுக்கு அத்தாட்சி வேற வேணும், அதுல 10 வருஷ அனுபவம் உள்ள வக்கீல் கையெழுத்துப் போடணும். சம்பளம் தராத சீனியர் கிட்டயே அந்தக் கையெழுத்துக்கும் நிக்க வேண்டி வந்தா எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லுங்க.

பெரிய கம்பெனிகள் பத்தியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு லா கம்பெனிகள் இங்க வரக் கூடாதுன்னு ஏ.கே. பாலாஜி போட்ட வழக்கு நம்ம சென்னை ஹைகோர்ட்லதான் நடந்தது. 2012ல தீர்ப்பு வந்து, 2018ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. கடைசியில பார் கவுன்சிலே 2023ல, கோர்ட்டுக்கு வராத வேலைகளுக்கு மட்டும்னு கதவைத் திறந்துச்சு. அந்தக் கதவு ஒப்பந்தம், கம்பெனி விவகாரம் பிடிச்சவங்களுக்கு. கோர்ட்ல எந்திரிச்சுப் பேசணும்னு ஆசை இருந்தா அது வேற ரோடு.

நம்ம ரோடு எங்க போகுதுன்னா, சென்னைக்குத்தான். 2004 ஜூலை 24ல மதுரைக் கிளை வந்தப்போ தென் மாவட்டங்கள் பிழைச்சது. ஈரோடு, கோயமுத்தூர் கேஸெல்லாம் இன்னமும் சென்னைக்கே போகணும். கோயமுத்தூருக்கு ஒரு கிளை வேணும்னு பல வருஷமா கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். 2022 பிப்ரவரியில திம்பம் மலைப்பாதையில ராத்திரி வண்டி போகக் கூடாதுன்னு உத்தரவு வந்ததும் அங்கிருந்துதான். தாளவாடி முட்டைக்கோஸ் லாரிக்கு எந்த நேரம்ங்கறது கடற்கரைக்குப் பக்கத்துல முடிவாச்சு.

அதனால ஈரோட்டுலயோ கோபியிலயோ சேர்றவங்க சம்பளத்தோட சேர்த்து இன்னொண்ணும் கேட்டு வெச்சுக்கங்க: அப்பீல் போனா அந்த ஆபீஸ் சென்னையில யாருக்கு அனுப்புது, கட்டோட கூட ஜூனியரையும் அனுப்புமான்னு. அனுப்பறாங்கன்னா ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஒரு பெர்த் போட்டுக்கலாம்.