முகாம் திடல் தேர்வு: அமெரிக்க நாட்டுப்புறத்தின் ஒரு நூற்றாண்டு வரலாறு

முகாம் திடல் என்பது பயணிகள் கூடாரம் அடித்தோ, படுக்கையும் அடுப்பும் கொண்ட வாகனத்தை நிறுத்தியோ சில இரவுகள் தங்குவதற்காக ஒழுங்குபடுத்தப்பட்ட நிலம். அமெரிக்காவில் இது ‘கேம்ப்கிரவுண்ட்’ எனப்படுகிறது. அங்கே வந்து தங்கும் வீட்டு வாகனங்கள் ‘ஆர்.வி.’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகின்றன. தமிழில் முகாம் என்றதும் மருத்துவ முகாமும் அகதி முகாமும் நினைவுக்கு வரலாம். இக்கட்டுரை பேசுவது, மக்கள் விடுமுறையில் தாமே விரும்பிச் சென்று தங்கும் இடத்தைப் பற்றி.

இன்றைய அமெரிக்கப் பயணி பல மாதங்களுக்கு முன்பே இணையத்தில் வரைபடத்தைப் பார்த்து, எண்ணிட்ட ஓர் இடத்தைப் பதிவு செய்துகொள்கிறார். நூறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய பாட்டனார் பொழுது சாயும் நேரத்தில், நிழலும் நீரும் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தினார். இந்த மாற்றத்துக்குப் பின்னால் மூன்று கேள்விகள் உள்ளன. இந்த நிலம் இத்தனை பேரைத் தாங்குமா? இங்கே தங்க யாருக்கு இடம் உண்டு? இந்த இடம் இரவில் உயிருக்குப் பாதுகாப்பானதா? மூன்றுக்கும் விடை எளிதில் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் ஓர் இழப்பின் வழியாகவே கற்றுக்கொள்ளப்பட்டது.

தொடக்கம்

பொழுதுபோக்குக்காகக் காட்டில் தங்கும் வழக்கத்தை அமெரிக்காவில் பரப்பியவர்களுள் ஒருவர் வில்லியம் முர்ரே. பாஸ்டன் நகரத் தேவாலயப் போதகரான இவர், நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைக்காடுகளைப் பற்றி 1869-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதைப் படித்துவிட்டு, காட்டு வாழ்க்கையில் எந்தப் பழக்கமும் இல்லாத நகரத்தார் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டனர். எங்கே தங்குவது, எதைக் கொண்டுசெல்வது என்று அறியாமல் கொசுக்கடியிலும் மழையிலும் தவித்த அவர்களை, ‘முர்ரேயின் முட்டாள்கள்’ என்று பத்திரிகைகள் கேலி செய்தன.

அக்காலத்தில் முகாம் செல்ல இரயில் கட்டணமும் வழிகாட்டியின் கூலியும் நீண்ட ஓய்வும் தேவைப்பட்டன. 1908-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ கார் இந்நிலையை மாற்றியது. தேசியப் பூங்காக்களும் காருக்குக் கதவு திறந்தன. யோசெமிட்டியில் 1913-லும் யெல்லோஸ்டோனில் 1915-லும் கார்கள் அனுமதிக்கப்பட்டன. தேசியப் பூங்காச் சேவை 1916-இல் தொடங்கப்பட்டது. ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் தொழிலதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகிய நால்வரும் கோடைதோறும் கார்களில் சென்று கூடாரமிட்டுத் தங்கிய செய்திகள் நாளிதழ்களில் படங்களோடு வந்தன. 1921-இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கும் ஃபோர்டு, எடிசன், ஃபயர்ஸ்டோன் ஆகியோரோடு முகாமில் கலந்துகொண்டார்.

சாலையோரமும் ஊர்ப் பூங்காவும்

கார் வைத்திருந்தவருக்கு விடுதி தேவைப்படவில்லை. மாலையில் எந்தத் தோப்பு கண்ணில் பட்டதோ அதுவே தங்குமிடம். ஆனால் அந்தத் தோப்பு பெரும்பாலும் ஓர் உழவரின் சொத்து. வேலியைப் பிரித்து விறகாக்குவதும், பழங்களைப் பறிப்பதும், குப்பையை அப்படியே விட்டுச் செல்வதும் நாட்டுப்புறத்தாரைக் கோபப்படுத்தின. தேடிய தண்ணீர் தூய்மையானதா என்பதும் பயணிகளுக்குத் தெரியாது. பலர் தம் நிலத்தில் ‘உள்ளே வராதே’ என்று பலகை நட்டனர்.

இதற்கு ஊர்கள் ஒரு வழி கண்டன. ஊருக்குள் வருபவர் மளிகையும் பெட்ரோலும் வாங்குவார் அல்லவா? அந்த நம்பிக்கையில் 1920-களின் தொடக்கத்தில் சிறு நகரங்கள் போட்டி போட்டுக்கொண்டு இலவச முகாம் திடல்களை அமைத்தன. குடிநீர்க் குழாய், கழிப்பறை, சமையல் அடுப்பு ஆகியவை அங்கே இருந்தன. டென்வர் நகரின் ஓவர்லேண்ட் பூங்கா 160 ஏக்கர் பரப்பில் இவற்றுள் மிகப் பெயர் பெற்றதாக விளங்கியது. புளோரிடாவின் டாம்பா நகர முகாம் ஒன்றில் 1919-இல் கூடிய பயணிகள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’, அதாவது தகர டப்பாப் பயணிகள், என்ற பெயரில் சங்கமே அமைத்துக்கொண்டனர்.

இலவசம் நெடுநாள் நீடிக்கவில்லை. பழைய கார்களில் வேலை தேடி அலைந்த ஏழைக் குடும்பங்களும் இத்திடல்களில் தங்கத் தொடங்கின. அவர்களைத் தவிர்க்க விரும்பிய ஊர்கள், பெயர்ப் பதிவு, தங்கும் நாள் வரம்பு, இரவுக்குச் சுமார் 50 செண்ட் கட்டணம் என்று விதிகளைக் கொண்டுவந்தன. கட்டணம் வந்ததும் தனியாரும் இத்தொழிலில் இறங்கினர். சிலர் கூடாரத்துக்குப் பதிலாகச் சிறு குடில்களைக் கட்டி வாடகைக்கு விட்டனர். மோட்டல் எனப்படும் சாலையோர விடுதி இந்த வழியில் உருவானது.

மரத்தின் வேரைப் பார்த்தவர்

காடுகளில் வேறொரு சிக்கல் எழுந்தது. கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில் பயணிகள் தமக்குப் பிடித்த மரத்தடியில் காரை ஓட்டிச் சென்று கூடாரமிட்டனர். மரத்தை யாரும் வெட்டவில்லை, தீயும் வைக்கவில்லை. ஆயினும் மரங்களின் நலம் குறித்து அதிகாரிகளுக்குக் கவலை ஏற்பட்டது. இதை ஆராய்ந்தவர் எமிலியோ மைனெக்கே என்ற தாவர நோயியல் அறிஞர். செம்மரத்தின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. மேல்மண்ணில் அகலமாகப் பரவுகிறது. காலடியும் சக்கரமும் மண்ணை இறுக்கினால் நீரும் காற்றும் வேருக்குச் செல்வதில்லை. கெடுதல் நினைக்காத மனிதர்களே எண்ணிக்கையால் காட்டைக் கொல்ல முடியும் என்பதை 1920-களின் பிற்பகுதியில் எழுதிய அறிக்கைகளில் அவர் விளக்கினார்.

அவர் சொன்ன தீர்வு எளியது: பயணி விரும்பிய இடத்தில் தங்குவதை நிறுத்த வேண்டும், ஆனால் கட்டுப்பட்டிருப்பதாக அவருக்குத் தோன்றக் கூடாது. ஒருவழிப் பாதை ஒன்று காட்டுக்குள் வளைந்து சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். அதிலிருந்து சாய்வாகப் பிரியும் சிறு கிளைப்பாதையில் காரை நிறுத்த வேண்டும். பாதையோரப் பாறைகளும் கட்டைகளும் கார் அப்பால் செல்லாமல் தடுக்கும். மேசையும் அடுப்பும் நிலத்தில் பதிக்கப்பட்டிருக்கும். ஆகவே கூடாரம் எங்கே வரும் என்பதும் முன்பே முடிவாகிவிடும். இரு இடங்களுக்கு நடுவே புதர்கள் திரையாக நிற்கும்.

பெருமந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக அமைக்கப்பட்ட குடிமக்கள் இயற்கைவளப் பாதுகாப்புப் படை, 1933 முதல் 1942 வரை நாடெங்கும் இம்முறையில் முகாம் திடல்களைக் கட்டியது. இன்று ஒருவர் ‘இயற்கையான இடம்’ என்று மகிழும் திடலில் பாதையின் வளைவு, பாறையின் இருப்பு, புதரின் அடர்த்தி ஆகிய யாவும் பெரும்பாலும் திட்டமிட்டு வைக்கப்பட்டவையே.

யாருக்கு இடம்?

இதே ஆண்டுகளில் எல்லா அமெரிக்கர்களுக்கும் தேர்வு ஒன்றாக இருக்கவில்லை. தென்மாநிலங்களின் இனப்பிரிவினைச் சட்டங்கள் பூங்காக்களையும் தொட்டன. விர்ஜீனியாவின் செனாண்டோவா தேசியப் பூங்காவில், கறுப்பின மக்களுக்கென லூயிஸ் மவுண்டன் என்ற தனிப் பகுதி 1939-இல் திறக்கப்பட்டது. முகாம் திடலும் குடில்களும் உணவகமும் அங்கே இருந்தன. பெயர்ப்பலகையிலேயே அது கறுப்பினத்தாருக்கு உரியது என்று எழுதப்பட்டிருந்தது. மற்ற திடல்கள் வெள்ளையருக்கு. நாடு முழுவதற்கும் சொந்தமான ஒரு பூங்காவில் இப்பிரிவினை செல்லாது என்று உள்துறை அமைச்சரின் ஆலோசகர் வில்லியம் டிரெண்ட் உள்ளிட்டோர் வாதாடினர். 1940-களில் படிப்படியாகத் தளர்ந்த பிரிவினை, 1950 வாக்கில்தான் முழுமையாக நீங்கியது.

பூங்காவுக்கு வெளியே நிலைமை இன்னும் கடினம். எந்த ஊரில் இரவு தங்கலாம், எங்கே பெட்ரோல் தருவார்கள் என்பதைக் கறுப்பினக் குடும்பங்கள் முன்பே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், இதற்கென 1936 முதல் ‘கிரீன் புக்’ என்ற கையேட்டை வெளியிட்டார். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடியுரிமைச் சட்டம் 1964-இல்தான் வந்தது. ஆகவே ‘பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்திய பொற்காலம்’ என்ற நினைவு அனைவருக்கும் உரியதன்று.

லூயிஸ் மவுண்டன் திடல் இன்றும் இயங்குகிறது. அப்பூங்காவின் முகாம் திடல்களில் மிகச் சிறியது அதுவே. அமைதியை விரும்புவோர் அதைத் தேடி வருகின்றனர்.

மின்னிணைப்புக் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பயணிகள் பெருகினர். 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் நிறைவேறியது. பூங்காக்களைப் புதுப்பிக்கும் ‘மிஷன் 66’ திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது. 1962-இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குச் செல்லும் வண்டிகள் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் ஊரைக் கடந்தவண்ணம் இருந்தன. அவ்வூர்த் தொழில்முனைவர் டேவ் டிரம், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் இருந்த தம் நிலத்தில் மேசை, வெந்நீர்க் குளியலறை, தூய கழிப்பறை ஆகியவற்றோடு ஒரு திடல் அமைத்தார். கே.ஓ.ஏ. என்ற பெயரில் அது நாடு தழுவிய உரிமக் கிளை நிறுவனமாக வளர்ந்தது. எந்த ஊர்த் திடலிலும் ஒரே தரம் கிடைக்கும் என்பதே அதன் கவர்ச்சி.

அயோவாவின் வின்னபேகோ நிறுவனம் 1966-இல் மோட்டார் வீடுகளைத் தயாரிக்கத் தொடங்கியபின் ஆர்.வி. பயணம் நடுத்தரக் குடும்பங்களையும் எட்டியது. குளிர்பதனியும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட வாகனத்துக்கு நிழல் மட்டும் போதாது. மின்சாரமும் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் வேண்டும். பழைய காட்டுத் திடல்களின் குறுகிய வளைவுகளோ 1930-களின் கார்களை எண்ணி அமைக்கப்பட்டவை. நீளமான வாகனங்கள் பல தேசியப் பூங்காத் திடல்களில் இன்றும் நுழைய முடியாததற்குக் காரணம் இதுவே.

ஆற்றங்கரை தந்த பாடங்கள்

முகாம் திடல்கள் பெரும்பாலும் நீரை ஒட்டியே அமைந்தன. நிழல், சமநிலம், மீன், நீரோசை என எல்லாம் கிடைப்பது அங்கேதான். ஆனால் பள்ளத்தாக்கில் சமநிலம் உருவாவதே வெள்ளம் கொண்டுவந்து போடும் வண்டலால். இந்த உண்மையைப் பல குடும்பங்கள் உறக்கத்தின் நடுவே அறிய நேர்ந்தது.

முதல் எச்சரிக்கை மலைச்சரிவிலிருந்து வந்தது. 1959 ஆகஸ்டு 17 நள்ளிரவை ஒட்டி, மொன்டானாவில் ஹெப்ஜன் ஏரிப் பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. மாடிசன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு பக்கமே சரிந்து கீழே இருந்த முகாம்களை மூடியது. அந்த நிலநடுக்கத்தில் 28 பேர் மாண்டனர். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. 1976 ஜூலை 31-இல் கொலராடோவின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் சில மணி நேரத்தில் சுமார் 12 அங்குல மழை கொட்டியது. விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள் உட்பட 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காரில் ஏறித் தப்ப முயன்ற பலர் காரோடு அடித்துச் செல்லப்பட்டனர். வெள்ளம் வந்தால் காரை விட்டுவிட்டு மேட்டில் ஏறுங்கள் என்ற பலகைகள் அதன் பின்னரே அம்மாநில மலைச்சாலைகளில் நிறுவப்பட்டன.

2010 ஜூன் 11 விடியலுக்கு முன், ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஆல்பர்ட் பைக் முகாம் திடலில் லிட்டில் மிசௌரி ஆறு சில மணி நேரத்தில் 20 அடிக்கு மேல் உயர்ந்தது. குழந்தைகள் உட்பட 20 பேர் உயிரிழந்தனர். வானிலைத் துறை எச்சரிக்கை விடுத்திருந்தது. ஆனால் கைப்பேசி அலை எட்டாத அந்தப் பள்ளத்தாக்கில் உறங்கியவர்களை எழுப்ப வழியில்லை.

இன்றைய தேர்வு

மேற்கண்ட வரலாறு இன்றைய தேர்வு முறைகளில் பதிந்திருக்கிறது. கூடாரத்துக்குச் சற்று மேடான, நீர் தேங்காத இடம் நல்லது. தலைக்கு மேல் காய்ந்த கிளை இருக்கக் கூடாது. நாட்டுப்புறத்தில் கைப்பேசி அலை கிடைக்காத இடங்கள் இன்றும் உண்டு. ஆகவே வானிலைச் செய்தி எப்படி வந்து சேரும், இரவில் எந்த வழியாக மேட்டுக்கு ஏறலாம் என்பதை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவைக்க வேண்டும்.

ஆர்.வி.யில் செல்வோர் முதலில் வாகனத்தின் நீளத்தைத் திடலின் வரம்போடு ஒப்பிடுகின்றனர். மின்னிணைப்பு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, பின்னோக்கி நுழைக்க வேண்டுமா அல்லது நேராக உள்ளே சென்று மறுபுறம் வெளியேறலாமா, கழிவுநீரை வெளியேற்றும் நிலையம் உண்டா என்பன அடுத்த கேள்விகள். தேசியக் காடுகளில் வசதி ஏதுமற்ற இடத்தில் இலவசமாகத் தங்கவும் பல பகுதிகளில் இடமுண்டு. பொதுவாக 14 நாள் வரம்பு உள்ளது. ஓடை, ஏரிகளிலிருந்து 200 அடி தள்ளித் தங்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. விறகைத் தொலைவிலிருந்து கொண்டுவரக் கூடாது என்ற அறிவிப்பையும் எங்கும் காணலாம். 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட, ஆஷ் மரங்களை அழிக்கும் வண்டினம் விறகுக்கட்டைகளின் வழியாகவும் பரவியதே இதற்குக் காரணம்.

எண்ணிட்ட இடமும் பதிவு முறையும் முகாம் வாழ்வின் விடுதலையைக் குறைத்துவிட்டதாகச் சிலர் வருந்துவதுண்டு. அந்த விடுதலை மரங்களின் வேரை நெரித்தது. உழவரின் வேலியை விறகாக்கியது. அமெரிக்கர் பலருக்கு அது கிடைக்கவேயில்லை. நிலம் தாங்குமா, யாருக்கு இடம் என்னும் கேள்விகளுக்கு விதிகள் ஓரளவு விடை கண்டுள்ளன. மூன்றாவது கேள்விக்கான விடையை மட்டும் எந்த விதியாலும் முழுமையாகத் தர முடியவில்லை. ஆல்பர்ட் பைக்கும் ஒழுங்குபடுத்தப்பட்ட, எண்ணிட்ட திடல்தான். வண்டியை நிறுத்தியதும் ஆறு எங்கே, மேடு எங்கே என்று சுற்றிப் பார்க்கும் வேலை இன்றும் பயணியிடமே இருக்கிறது.