கிண்ணத்தைத் திருப்பி வைத்த பெர்ன் நகர மருத்துவர்

"இந்த வயசுல உனக்கென்ன இடுப்பு வலி?" என்று பிள்ளைகளைக் கேட்பது நம் வீடுகளில் வழக்கம். மூட்டுவலி நம்மைப் போன்ற கிழங்களின் சொத்து என்று நினைப்பு. ஆனால் இருபது, முப்பது வயதிலேயே இடுப்பு மூட்டு தேயத் தொடங்குபவர்கள் உண்டு.

தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து. அதைக் கவிந்து பிடிக்க இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். சிலருக்கு அந்தக் கிண்ணம் சிறு வயதிலிருந்தே ஆழமில்லாமல் அமைந்துவிடும். உடம்பின் பாரம் முழுவதும் அதன் ஓரத்தில் இறங்கும். அங்குள்ள குருத்தெலும்பு சீக்கிரம் தேயும்.

1957-ல் டொராண்டோவில் ராபர்ட் சால்ட்டர், குழந்தைகளுக்கு இடுப்பெலும்பை ஓரிடத்தில் வெட்டிக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்தார். வளர்ந்தவர்களின் எலும்பு அவ்வளவு இளகிக் கொடுக்காது. 1960-களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி செயற்கை மூட்டை நிலைநாட்டினார். அது முதியவர்களுக்கு வரமாயிற்று. ஆனால் இளைஞருக்குப் பொருத்தினால், அதுவும் தேய்ந்து மறுபடி மாற்ற வேண்டிவரும். "வயதாகட்டும், அதுவரை பொறுத்துக்கொள்" என்பதுதான் பலருக்குக் கிடைத்த பதில்.

1984-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் வேறு வழி கண்டார். கிண்ணத்தைச் சுற்றிலும் எலும்பை வெட்டி, கிண்ணத்தை மட்டும் திருப்பி, பந்தை நன்றாக மூடும்படி வைத்துத் திருகாணிகளால் பொருத்தினார். பின்பக்கத்து எலும்புத் தூணை முழுதாக வெட்டாமல் விட்டதில்தான் சூட்சுமம். இடுப்பு வளையம் குலையாததால், நோயாளி சில நாட்களிலேயே ஊன்றுகோலுடன் நடக்கலாம். பிரசவப் பாதையும் குறுகுவதில்லை. இந்தக் குறை பெண்களிடம்தான் அதிகம் என்பதால் இது பெரிய விஷயம்.

தம் முதல் 75 அறுவைகளைப் பற்றி அவர் 1988-ல் எழுதினார். அதே மூட்டுகளைப் பின்னர் கணக்கெடுத்தார்கள். 20 ஆண்டுகளுக்குப் பிறகு சுமார் 60 சதவீதம் செயற்கை மூட்டு வைக்காமலே நிலைத்திருந்தன; 30 ஆண்டுகளுக்குப் பிறகு சுமார் 29 சதவீதம் செயற்கை மூட்டு வைக்காமலும், தேய்மானம் கூடாமலும் நன்றாக இயங்கின. ஏற்கெனவே அதிகம் தேய்ந்திருந்தவர்களுக்குப் பலன் குறைவு.

ஆக, இது நிரந்தரத் தீர்வு அல்ல; காலத்தை வாங்கித் தரும் சிகிச்சை. அதையும் குருத்தெலும்பு மிச்சமிருக்கும்போதே செய்ய வேண்டும். பேத்தி தொடை இடுக்கில் வலி என்று அடிக்கடி சொன்னால், சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டி ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.