இந்திரா கேன்டீன்

கர்நாடக நகரங்களில் உழைக்கும் ஏழைகளுக்கு மலிவு விலையில் உணவு வழங்கும் அரசுத் திட்டம். 2017 ஆகஸ்ட் 16 அன்று பெங்களூரில் தொடங்கப்பட்டது.

முன்வரலாறு: இன்றைய கர்நாடகத்தின் தென்பகுதியான மைசூர் இராச்சியத்தில் பசித்தவருக்குச் சோறிடுவது நெடுங்காலம் கோயில்கள், மடங்கள், சத்திரங்களின் அறமாக இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் போன்ற யாத்திரைத் தலங்கள் அம்மரபைச் சேர்ந்தவை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது அரசே கஞ்சித் தொட்டிகளைத் திறந்தது. 1871இல் 50 லட்சத்தைத் தாண்டியிருந்த இராச்சியத்தின் மக்கள்தொகை, 1881இல் சுமார் 42 லட்சமாகக் குறைந்திருந்தது. சுதந்திரத்துக்குப் பின் ரேஷன் அரிசியே முதன்மை உதவியாயிற்று.

தோற்றம்: மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்த சித்தராமையா 2013இல் முதல்வரானதும் மலிவு அரிசிக்கான அன்னபாக்ய திட்டத்தைக் கொண்டுவந்தார். ஆனால் ரேஷன் அட்டையோ அடுப்போ இல்லாமல் நகரில் கூலிவேலை செய்வோருக்கு அரிசியைவிடச் சமைத்த சோறே தேவைப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ஜெயலலிதா தொடங்கிய அம்மா உணவகமே இந்திரா கேன்டீனுக்கு முன்மாதிரி என்பது பொதுவான கருத்து. அங்கே இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். சுய உதவிக்குழுப் பெண்கள் சமைத்தனர். கர்நாடகத்திலோ ஒப்பந்ததாரர்கள் மையச் சமையலறைகளில் சமைத்து அனுப்பினர்.

2017 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 'நம்ம கேன்டீன்' என்றிருந்த பெயர், பின்னர் இந்திரா காந்தியின் நினைவாக 'இந்திரா கேன்டீன்' என மாற்றப்பட்டது. வார்டுக்கு ஒன்று என்பது இலக்கு. காலை உணவு 5 ரூபாய். மதியமும் இரவும் 10 ரூபாய். இட்லி, காரா பாத், கேசரி பாத், பிசிபேளே பாத் ஆகியவற்றுக்காகத் துப்புரவுப் பணியாளர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் வரிசையில் நின்றனர். பூங்காக்களில் கேன்டீன் கட்டுவதற்கு எதிர்ப்பு எழுந்தது. 2018 சட்டமன்றத் தேர்தலை எண்ணியே திட்டம் விரைவுபடுத்தப்பட்டது என்று எதிர்க்கட்சிகள் கூறின. பசி தேர்தலுக்காகக் காத்திருக்காது என்பது ஆதரவாளர்களின் வாதம். தேர்தல் ஆண்டில் மைசூரு உள்ளிட்ட பிற நகரங்களுக்கும் திட்டம் பரவியது.

பிற்காலம்: ஆட்சி மாறியபின், செலவை ஏற்பது மாநில அரசா மாநகராட்சியா என்ற இழுபறியில் திட்டம் நலிந்தது. 2021இல் கேன்டீன்களுக்கு உணவளிக்கும் தெய்வமான அன்னபூரணேஸ்வரியின் பெயரைச் சூட்டும் கோரிக்கை எழுந்தது. அதே ஆண்டு கொரோனா ஊரடங்கில் இந்தக் கேன்டீன்களிலேயே இலவச உணவு வழங்கப்பட்டது. 2023இல் சித்தராமையாவின் காங்கிரஸ் ஆட்சிக்குத் திரும்பியபின் திட்டம் புத்துயிர் பெற்றது. பழைய மைசூர் வட்டாரத்தின் அன்றாட உணவான ராகி முத்தே (கேழ்வரகுக் களி) உணவுப் பட்டியலுக்குத் தாமதமாகவே வந்தது.

மதிப்பீடு: பஞ்சம் தணிந்ததும் கஞ்சித் தொட்டிகள் மூடப்பட்டன, ஆனால் ஆட்சி மாறி நலிந்தபோதும் கேன்டீன் திட்டம் கைவிடப்படவில்லை. பெயரிலும் நிதியிலும் கட்சிகள் மோதினாலும், நகர ஏழையின் பசி அரசின் பொறுப்பு என்பதை இத்திட்டம் நிலைநாட்டியது.